முள்ளம்பன்றி சுட்ட தலைகீழ் டார்ட்

ஆப்பிள் மரங்கள் நிறைந்த ஒரு மலைக்காட்டில் முள்ளம்பன்றி ஒன்று இருந்தது. போன மாதம் ஒரு விருந்தில் அதன் முள் முயலின் தொடையில் குத்திவிட்டது. தெரியாமல் நடந்ததுதான். ஆனாலும் அன்றிலிருந்து யாரும் அதன் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. பாவம், பேச்சுத் துணைக்குக்கூட ஆளில்லாமல் அது தவித்துப் போனது.

ஒருநாள் அது மனதைத் திடப்படுத்திக்கொண்டு கரடி, குரங்கு, முயல் மூன்றையும் விருந்துக்கு அழைத்தது. மலையில் கூடாரம் போட்டிருந்த பிரெஞ்சுக்காரி ஒருத்தி டார்ட் என்ற ஆப்பிள் பலகாரம் சுட்டதை, அது புதருக்குள் ஒளிந்திருந்து பார்த்துக் கற்று வைத்திருந்தது. 'இதிலும் சொதப்பினால் இனி ஒருவரும் என் வீட்டுக்கு வர மாட்டார்கள்' என்று அதற்கு உள்ளுக்குள் உதறல்.

மூன்றும் வந்தன. வந்தவை சும்மா உட்காரக் கூடாதா? நேராக அடுப்படிக்கே வந்துவிட்டன!

இரும்புச் சட்டியில் சர்க்கரை உருகிக்கொண்டிருந்தது.

"கம்பிப் பதம் வந்தாச்சு! இறக்கு, இறக்கு!" என்றது கரடி. இனிப்பு விஷயத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அதற்கு நினைப்பு.

"இல்லண்ணே, இது அதிரசப் பாகு இல்ல. நல்லா செவக்கணும்" என்றது முள்ளம்பன்றி.

பாகு சிவந்தது. "ஐயோ, தீஞ்சு போச்சு! தண்ணிய ஊத்து!" என்று குதித்தது குரங்கு.

முள்ளம்பன்றி பல்லைக் கடித்துக்கொண்டு வெண்ணெயைப் போட்டது. ஆப்பிள் துண்டுகளை நெருக்கி அடுக்கியது. அதன்மேல் மாவை விரித்து, சட்டியை மூடி, மூடியின் மேலும் தணலை அள்ளிப் போட்டது.

"பழத்தை அடியில வச்சிட்டியே! எல்லாம் தலைகீழா இருக்கே!" என்றது முயல்.

"வெந்ததும் தட்டுல கவுத்துடுவேன் முயலக்கா. அப்ப பழம் மேல வந்துரும்."

டார்ட் வெந்தது. சூடு லேசாகத் தணிந்ததும் கவிழ்க்க வேண்டும். மூன்றும் விட்டால்தானே!

"கவுத்தா கொட்டிப் போகும்!"

"நாளைக்குப் பாத்துக்கலாம்!"

"கத்தியால கிளப்பு!"

ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லி முடிப்பதற்குள் சட்டி ஆறிவிட்டது. முள்ளம்பன்றி கவிழ்த்துப் பார்த்தது. ஒன்றும் விழவில்லை. பாகு இறுகி, பழம் சட்டியோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

முள்ளம்பன்றிக்குக் கண்ணீர் முட்டியது. "மன்னிச்சிருங்க. எல்லாரும் போயிட்டு வாங்க" என்றது.

கரடிக்குச் சுருக்கென்றது. "நீ ஏம்மா மன்னிப்புக் கேக்குற? பேசிப் பேசியே ஆற வச்சது நாங்கதான்! என்ன செய்யணும்னு நீ சொல்லு. நாங்க வாயத் திறக்கல!"

"மறுபடி சூடு காட்டணும்ண்ணே. பாகு இளகினதும் ஒரே மூச்சுல கவுக்கணும். சூடான சட்டிய ஒத்தை ஆளா என்னால திருப்ப முடியாது."

முயல் தணலை ஊதியது. குரங்கு தட்டைப் பொருத்திப் பிடித்தது. சட்டிக்குள் பாகு கொதிக்கும் சத்தம் கேட்டதும், "இப்ப!" என்றது முள்ளம்பன்றி. பக்கத்தில் நின்ற முள்ளம்பன்றியின் முள் உரசியும் நகராமல், கரடி சட்டியைத் தூக்கி ஒரே திருப்பாகத் திருப்பியது.

தொப்! தேன் நிறத்தில் பளபளவென்று டார்ட் தட்டில் இறங்கியது. ஓரம் கொஞ்சம் பிய்ந்திருந்தது. அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லார் வாயிலும் ஆப்பிள்!

தட்டு காலியான பிறகும் மூன்றும் கிளம்பவில்லை.

ஒருவர் வேலை செய்யும்போது ஆளுக்கொரு யோசனை சொல்வது உதவியல்ல. அவர் தடுமாறும்போது, அவர் சொற்படி கேட்டுக் கைகொடுப்பதே உதவி.