செப்புத் தகடும் மூன்றாம் புயலும்

முன்னொரு காலத்திலே, கடல் வந்து காலை நனைக்கிற சங்குத்துறைப் பட்டினத்தை மகரகேது என்றொரு ராசா ஆண்டு வந்தான். அவனுக்குத் தன் நிழல்மேலேயே சந்தேகம். முன்னால் விழுந்தால் "எங்கே ஓடுகிறாய்?" என்பான். பின்னால் விழுந்தால் "ஏன் பதுங்குகிறாய்?" என்பான். சோற்றை மூன்று பேர் ருசி பார்த்த பிறகு, அந்த மூவர்மேலும் சந்தேகப்படுவான்.

அவனுக்கு அமைச்சர் கொண்டப்பர். சந்தையில் வலைக்கயிறு விற்று, ஏச்சும் அடியும் வாங்கி மேலே வந்த மனுஷர். மூக்குநுனியில் கோபம். யாராவது தன் சரக்கைத் தானே புகழ்ந்தால் கூடையைக் கவிழ்த்து அடிச்சரக்கைப் பார்க்காமல் விடமாட்டார்.

அந்த வருஷம் ஐப்பசியில் ஒரு புயல் அடித்தது. கோயில் மணி தானாக ஒன்பது தரம் அடித்தது. எழுநூறு மரம் சாய்ந்தது, முந்நூறு கூரை பறந்தது. கார்த்திகையில் அதைவிடப் பெரிய புயல். மணி பகல் முழுக்க ஓயவில்லை. ஆனால் சாய்ந்தது பன்னிரண்டே மரம்!

மறுநாள் சபையில் விருதராசர் எழுந்தார். அமைச்சர் முத்திரையைப் பார்த்துப் பல வருஷமாக எச்சில் விழுங்கிக்கொண்டிருந்தவர்.

"மகாராசா! ஐப்பசிக்குப் பிறகு ஊரைச் சுற்றி நூற்றெட்டுச் செப்புத் தகடு மந்திரித்துப் புதைத்தேன். காற்று கட்டுப்பட்டுவிட்டது. இனி கரையிலே மணல்மேடு எதற்கு, தாழை நடுவது எதற்கு? தகடு போதும்."

ராசா கொண்டப்பரை உற்றுப் பார்த்தான். "உம்முடைய காவலில் எழுநூறு மரம். இவருடைய காவலில் பன்னிரண்டு. ஓய், விழுந்த மரத்தில் உமக்கேதும் பங்கா? நாளைக்குள் பதில் சொல்லும். இல்லையென்றால் முத்திரை அவருக்கு, நாடு கடத்தல் உமக்கு."

கொண்டப்பருக்குக் காதுவரை சிவந்தது. "நாளைவரைக்கும் எதற்கு? இப்போதே உள்தோட்டத்துக்கு வாருங்கள்!"

நாலு பக்கமும் உயர்ந்த மதில் இருந்ததால் அந்தத் தோட்டத்தில் புயல் புகவில்லை. நடுவில் ஒரு நெல்லிமரம் காய்த்துக் குலுங்கியது. கொண்டப்பர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தன் ஒல்லிக் கையால் ஒரு கிளையை உலுக்கினார். பொலபொலவென்று நெல்லிக்காய் கொட்டியது. பிறகு அரண்மனை மல்லன் வீரபாகுவைக் கூப்பிட்டு, "அதே கிளையை நீ உலுக்கப்பா" என்றார். மல்லன் உலுக்கின உலுக்கில் மரமே ஆடியது. விழுந்தது ஐந்து காய்.

"என்னப்பா, இவ்வளவுதானா உன் பலம்? இல்லை, கிளையிலே யாராவது தகடு கட்டிவிட்டார்களா?"

மல்லனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "கிளையில் இருந்தால்தானே சாமி விழும்! ஆடின காயையெல்லாம் நீங்கதான் முதலிலேயே கொட்டிட்டீங்களே!"

சபை கொல்லென்று சிரித்தது.

"அதேதான் மகாராசா. வேர் இளகின மரம், கட்டு தளர்ந்த கூரை எல்லாவற்றையும் ஐப்பசிக் காற்று அள்ளிவிட்டது. கார்த்திகைக் காற்றுக்கு மிச்சம் உறுதியானது மட்டும்தான்."

ராசா தாடியைச் சொறிந்தான். "நெல்லிக்காய்க்குச் சரி. தகடும் கொஞ்சம் வேலை செய்திருக்கலாம் இல்லையா?"

"செய்தது, மகாராசா, செய்தது!" என்றார் விருதராசர்.

"அப்படியானால் அடுத்த காற்றுக்குக் கடற்கரைச் சுங்கச்சாவடியில் தகட்டோடு உட்காருவாரா? நனையாமல் வந்தால் முத்திரையை நானே அவர் கையில் தருகிறேன்" என்றார் கொண்டப்பர்.

"பெரும்புயலையே கட்டினவன் நான். உட்காருகிறேன்."

"கடலுக்கும் சாவடிக்கும் நடுவில் இப்போது என்ன இருக்கிறது, போய்ப் பார்த்தீரா?"

"என் தகடு இருக்கிறது!"

கொண்டப்பர் நேரே கரைக்கு நடந்தார். கரையோரக் குப்பத்துச் சனத்தை மட்டும் சட்டி பானையோடு மேட்டுத்தெருவுக்கு அனுப்பிவைத்தார். "சனத்தை எதற்குச் சேர்க்கிறார்? கலகமா?" என்று ராசா அதற்கும் இரண்டு ஒற்றர்களை அனுப்பினான்.

மார்கழியில் ஒரு காலைப்பொழுது சின்னதாய் ஒரு காற்று எழுந்தது. கோயில் மணி மூன்றே தரம் அடித்தது. ஆனால் கடல் நேராகச் சாவடிக்குள் நடந்து வந்துவிட்டது! முதலில் கணுக்கால், பிறகு இடுப்பு. விருதராசர் தோண்டியெடுத்து வந்திருந்த தகட்டு மூட்டையைக் கட்டிக்கொண்டு கூரைமேல் ஏறினார்.

மேட்டில் யானைமேல் ராசா. தண்ணீரில் கட்டுமரம், அதன்மேல் கயிற்றுச் சுருளோடு கொண்டப்பர்.

"கயிற்றை வீசும் ஐயா!" என்று கத்தினார் விருதராசர்.

"வீசலாம். தகடு பொய் என்று ராசா காதில் விழுகிற மாதிரி சொல்லும்."

"பாதி பொய்!"

"கயிறும் பாதி தூரம்தான் வரும்."

"முக்கால் பொய்!"

"சந்தையில் முப்பது வருஷம் பேரம் பேசினவன் நான். கால்பங்கு குறைந்தாலும் நடக்காது."

ஓர் அலை கூரையை உலுக்கியது. "முழுப்பொய், மகாராசா! கடைத்தெருவில் வாங்கின வெறுந்தகடு!"

அந்தக் கணமே கயிறு பறந்து போய் அவர் மடியில் விழுந்தது.

கொண்டப்பர் கரையேறினதும் ராசா கேட்டான்: "சின்னக் காற்றுக்கு இவ்வளவு கடல் வரும் என்று உமக்கு எப்படித் தெரியும்? கடலோடு ஏதும் உள்கூட்டா?"

"கரையில் நடந்து பார்த்தேன், அவ்வளவுதான். மணல்மேட்டில் பாதியை ஐப்பசி தின்றது, மீதியைக் கார்த்திகை தின்றது. மார்கழிக்கு வாசல் திறந்து கிடந்தது. முன்னால் போன புயல் நமக்கு எதை விட்டுவைத்தது, எதை எடுத்துப்போனது என்று பார்க்காமல், வருகிற புயலை எடை போட முடியாது மகாராசா."

ராசா தன் முத்துமாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டான். போட்ட பிறகும், திருப்பிக் கொடுத்துவிடுவாரோ, கொடுக்கமாட்டாரோ என்று இரண்டுவிதமாகவும் சந்தேகப்பட்டான்.

நூற்றெட்டுத் தகட்டையும் உருக்கி மணல் அள்ளும் தட்டுகளாக அடித்தார்கள். முதல் தட்டு விருதராசர் தலையில் ஏறியது. மணல்மேடு பழைய உயரத்துக்கு வந்து, அதன்மேல் தாழை வேர்பிடிக்கும்வரை அவர் சுமந்தார். தட்டு நிறைந்திருக்கிறதா, மணலைச் சிந்த விடுகிறாரா என்று மகரகேது மகாராசா தினமும் கரையில் குடைபிடித்து நின்று பார்த்துக்கொண்டிருந்தானாம்.