மூட்டையின் அடியில் கரி

ஞானம் தேடி மலையேறியவர்களைப் பற்றி நிறையக் கதைகள் உண்டு. அவர்கள் கழற்றிப் போட்டுப் போன துணியைத் துவைத்தவள் அவற்றில் வருவதில்லை. படுக்கையில் கிடப்பவரைப் புரட்டி, முதுகு துடைத்து, கஞ்சி ஊட்டி முடிப்பவளுக்கு மலையேற நேரமும் இருப்பதில்லை.

ஆகவே செல்லக்கனி தன் ஐம்பத்தோராம் வயதில், தூத்துக்குடியில், ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் இருந்த உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போனாள்.

“மாஸ்டர், ஐம்பத்தெட்டு கிலோ தூக்கணும். கட்டில்ல இருந்து நாற்காலிக்கு. அவ்வளவுதான்.”

மாஸ்டர் தனிஸ்லாஸ் அவளைவிடப் பதினாறு வயது இளையவர்.

“யாரு அக்கா அந்த ஐம்பத்தெட்டு?”

“எங்க வீட்டுக்காரர்.”

பக்கவாதத்தில் விழுந்த அவரை எதிர்வீட்டு ஆண்கள் இருவர் தூக்கி உட்கார வைத்துவந்தார்கள். தூக்குவார்கள், டீ குடிப்பார்கள், அறிவுரை சொல்லிவிட்டுப் போவார்கள். ஒருநாள் நழுவவிட்டார்கள். இடுப்பெலும்பில் விரிசல். இன்னொரு முறை விழுந்தால் எழ மாட்டார் என்றார் டாக்டர்.

அன்றோடு அவர்களைக் கூப்பிடுவதை அவள் நிறுத்தினாள். அவர் கட்டிலோடு கிடந்தார்.

மாஸ்டர் ஐம்பத்தெட்டு கிலோ மணலை மூட்டையாகக் கட்டி, கட்டில் உயரப் பலகையில் கிடத்தினார். முதல் நாளே முழு எடை. அவள் அணைத்துத் தூக்கினாள். அவர் எதிரே நின்று, ‘நழுவாம இருக்கத்தான், பாரமெல்லாம் உங்க கையிலதான்’ என்று அடியில் கை கொடுத்தார்.

ஏழு மாதம் அப்படியே நடந்தது.

ஒரு புதன்கிழமை மாஸ்டர் சுவரிலிருந்த வெள்ளைப் பலகையில் எழுதினார்: செல்லக்கனி – 58.

“யக்கா, இனி அண்ணாச்சியக் கட்டிலோட சேத்துத் தூக்கிருவீய போல!” என்றான், தண்டால் எடுத்துக்கொண்டிருந்த மிக்கேல்.

எல்லோரும் கைதட்டினார்கள். அவள் சிரிக்கவில்லை.

அவளை ஏமாற்றியவர்கள் அனைவரும் அன்பாகவே ஏமாற்றியிருந்தார்கள். ‘அடுத்த மாதம் நடந்துவிடுவார்’ என்று சொல்லியே ஒரு வைத்தியர் ஓராண்டுக்கு எண்ணெய் விற்றிருந்தார்.

மறுநாள் அவள் எல்லோருக்கும் முன்பாக வந்தாள். தோசைக்கல்லின் அடிக்கரியைச் சுரண்டித் தேங்காய் எண்ணெயில் குழைத்து, ஒரு டப்பாவில் கொண்டுவந்திருந்தாள். மூட்டையைப் புரட்டி, அதன் அடியில் பூசி, மறுபடி கிடத்திவைத்தாள்.

மாஸ்டரும் மிக்கேலும் வந்தார்கள். அவள் தூக்கினாள். மூட்டை நாற்காலியில் அமர்ந்தது.

“கையைக் காட்டுங்க மாஸ்டர்.”

அவர் காட்டினார். வலது கையில் இரண்டு விரல் நுனிகள் மட்டும் கறுத்திருந்தன.

“ஏழு மாசமா ஏமாத்துதீய.”

“ஆமாக்கா.”

“வீட்டுல உங்க விரல் இருக்காது. நான் அவுகளக் கீழ போட்டுருவேன்.”

மாஸ்டர் அவளிடமிருந்து டப்பாவை வாங்கினார். கரியைத் தொட்டுத் தன் முழங்கையில் ஒரு கோடு இழுத்தார்.

“வந்த அன்னைக்கு என் கை இது வரைக்கும் அடியில இருந்துச்சு.”

மணிக்கட்டில் ஒரு கோடு.

“கிறிஸ்மஸ் அப்போ.”

உள்ளங்கையின் குறுக்கே ஒரு கோடு.

“போன மாசம்.”

பிறகு அந்த இரண்டு விரல்களை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“உங்க வாய்ச்சொல்ல நான் ஏன் நம்பணும்?” என்றாள்.

“நம்ப வேண்டாம்.”

“அப்போ பலகையில இருக்குற ஐம்பத்தெட்டு பொய்தானே?”

அவர் முழங்கையாலேயே அந்த எண்ணை அழித்தார். பலகை கறுத்தது. மிக்கேல் தண்டாலை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

“இந்த ரெண்டு விரலையும் என்னைக்கு எடுப்பீய?” என்றாள்.

“எடுக்க மாட்டேன்.”

“ஏன்? பாவம்னா?”

மாஸ்டர் வேறொன்றைக் கேட்டார்.

“அண்ணாச்சிக்கு எந்தக் கை வரும்?”

“இடது கை. அதுவும் ஏதோ கொஞ்சம்.”

“புரட்டும்போது அது எங்க இருக்கும்?”

“குறுக்க வருதுன்னு மடக்கி, போர்வைக்குள்ள சொருகிருவேன்.”

“யாரு மடக்குறது?”

“நான்தான்.”

“அவர் ஒண்ணும் சொல்ல மாட்டாரா?”

செல்லக்கனி தன் இடது கையை நீட்டிக் காட்டினாள்.

“வெளிய எடுத்துக்கிட்டே இருப்பாக. ‘சும்மா கிடங்க’ன்னு அதட்டுவேன்.”

“மணல் மூட்டைக்குக் கை கிடையாதுக்கா” என்றார் மாஸ்டர். விரல்களைத் துணியில் துடைத்துக்கொண்டு, மிக்கேலைப் பார்க்கத் திரும்பினார். “உன்னை யாருலே நிறுத்தச் சொன்னா?”

அவள் டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அன்று மதியம் அவள் போர்வையை முழுதாக விலக்கினாள். இடது கை மெல்ல மேலே வந்தது. அவள் அதட்டவில்லை. குனிந்தாள்.

அது அவள் பிடரியைப் பற்றி, இரண்டு விரல் பலத்துக்கு இழுத்துக் கொடுத்தது. அவள் தூக்கினாள்.

அதன் பிறகு அவர் மூன்றாண்டு இருந்தார். தினம் இருமுறை நாற்காலியில் உட்கார்ந்தார். ஒருமுறைகூட விழவில்லை. எதிர்வீட்டு ஆண்களுக்கு அந்த வீட்டில் மறுபடி டீ கிடைக்கவில்லை. அவர் போன பிறகும் செல்லக்கனி கூடத்துக்குப் போவதை விடவில்லை. திங்களும் வியாழனும் போகிறாள். மூட்டையின் அடியில் பூச, கரி டப்பாவையும் கொண்டுபோகிறாள்.