மலை ஏறும் தவளை

சூழலியல் ஆய்வாளர் ஹெப்சிபா பன்னிரண்டு ஆண்டுகளாகக் கூம்புமலையில் ஒரு புதர்த்தவளையின் பின்னால் அலைந்தவர். கட்டைவிரல் நகத்தளவே இருக்கும் தவளை. அது குளம் குட்டையைத் தேடிப் போவதில்லை. இலையிலேயே முட்டை வைக்கும்; தலைப்பிரட்டை ஆகாமல் முட்டையிலிருந்து நேரே தவளையாகவே வெளிவரும். காற்றில் இருக்கும் ஈரம் அதற்குப் போதும்.

அவரிடம் மாணவராகச் சேர்ந்த தணிகைநாதனுக்கு வயது அறுபத்தொன்று. ஆசிரியையைவிட இருபது வயது மூத்தவர். புள்ளியியல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சென்னையில் உட்கார்ந்து ஹெப்சிபாவின் ஆய்வுக் கணக்குகளைச் சரிபார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர், ஒருநாள் பெட்டியோடு மலைக்கே வந்துவிட்டார்.

"எனக்கும் கத்துக்கொடுங்க மேடம். இதுவரைக்கும் ஒரு தவளையைக்கூட நேர்ல பார்த்ததில்லை."

ஒவ்வொரு ஜூன் மாதமும் தவளைச் சத்தம் கேட்கும் மிகத் தாழ்வான இடத்தில் ஹெப்சிபா ஒரு சிவப்பு ரிப்பன் கட்டுவார். முதல் ரிப்பன் தேயிலைத் தோட்டத்து ஓரத்தில் இருந்தது. அடுத்தது அதற்கு மேலே. அதற்கடுத்தது இன்னும் மேலே. தணிகைநாதன் முழங்கால் வலியோடு ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தபடி ஏறினார். பன்னிரண்டாவது ரிப்பன் உச்சிக்குக் கொஞ்சம் கீழே இருந்தது.

உச்சியில் மூடுபனி. சுற்றியிருந்த புதர்களிலிருந்தெல்லாம் டிக், டிக் என்று தவளைச் சத்தம். தணிகைநாதன் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார்.

"சூடு கூடக் கூட இதுவும் மேல ஏறி வந்திருக்கு. இத்தனூண்டு உடம்புக்குள்ள எவ்வளவு அறிவு மேடம்!"

பிறகு நிமிர்ந்து பார்த்தார். பாறையும் வானமும்தான் மிச்சம்.

"இதுக்கு மேல எங்கே போகும்?"

ஹெப்சிபா பையைத் தோளில் மாட்டினார்.

"வாங்க சார்" என்று வந்த வழியே இறங்க ஆரம்பித்தார்.

இரண்டு வளைவு இறங்கியதும் பனி முடிந்துவிட்டது. போன வருடத்து ரிப்பன் இருந்த இடத்தில் சருகு நொறுங்கியது. மழை தள்ளிப்போயிருந்தது. ஒரு சத்தமும் இல்லை. ஹெப்சிபா மண்டியிட்டு, செடிகளில் ஒவ்வொரு இலையாகத் தூக்கிப் பார்த்தார். ஒரு மணி நேரம் போனது.

"இங்கே ஒண்ணும் இல்லையே மேடம். இந்த வருஷம் கேட்கலைன்னு நீங்களே எழுதியிருக்கீங்க."

ஹெப்சிபா உதட்டில் விரலை வைத்து, பூதக்கண்ணாடியை நீட்டினார்.

இலையின் அடியில் ஒரு தவளை. உடம்பு வற்றி, முதுகெலும்பு தெரிந்தது. அதைச் சுற்றி ஏழெட்டு முட்டைகள் காய்ந்து, கடுகு போல இலையில் ஒட்டியிருந்தன. வயிற்றுக்கு அடியில் மட்டும் மூன்று முட்டைகள் ஈரமாக மின்னின. கண்ணாடி போன்ற ஒரு முட்டைக்குள், கண்ணும் காலும் முளைத்த குட்டித் தவளை மெல்லத் திரும்பிப் படுத்தது.

தணிகைநாதன் மூச்சை அடக்கிக்கொண்டார்.

"இந்த ஈரம் எங்கேருந்து வருது?"

"அதோட உடம்புலேருந்து."

"தாயா?"

"தகப்பன். முட்டை மேல உட்கார்ந்தா கத்தாது. அதான் நமக்குக் கேட்கலை."

ஹெப்சிபா செல்போனில் ஒரு படத்தை எடுத்துக் காட்டினார்.

"போன வருஷம் எடுத்தது. முதுகுல இருக்கிற கோட்டைப் பாருங்க. நம்ம கைரேகை மாதிரி, ஒண்ணுக்கு இருக்கிறது இன்னொண்ணுக்கு இருக்காது."

தணிகைநாதன் படத்தையும் தவளையையும் மாறி மாறிப் பார்த்தார். அதே கோடு. அதே செடி.

"மேலே பனி இருக்கே. இது மட்டும் ஏன் ஏறலை?"

"எதுவுமே ஏறலை சார். பிறந்த செடியைவிட்டுப் பத்தடி தள்ளிப் போகாது."

"அப்போ உச்சியில கேட்டது?"

"அங்கேயே பிறந்தது."

"கீழே இருந்தது?"

"அங்கேயே காஞ்சுபோச்சு."

ஹெப்சிபா சரிவைப் பார்த்தார். தணிகைநாதனும் பார்த்தார். மரங்களுக்கு இடையே, காலையில் தொட்டு வந்த ரிப்பன்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகக் காற்றில் ஆடின.

தணிகைநாதன் தன் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தார். மூடியைத் திருகினார்.

"ஊத்தலாமா மேடம்? ஆராய்ச்சியில அப்படிச் செய்யக்கூடாதோ?"

"ஊத்துங்க."

விரல் நுனியால் நான்கு சொட்டு விட்டார். தவளை அசையவில்லை. கண்ணை மட்டும் ஒருமுறை மூடித் திறந்தது.

"பொரிய எத்தனை நாளாகும்?"

"பத்து நாள்."

"பத்து நாளும் ஏறி வர்றேன். நான் வர்ற வரைக்கும் இது இங்கே இருக்குமா?"

ஹெப்சிபா இலையைப் பழையபடி மெதுவாகச் சாய்த்துவிட்டார்.

"வாங்க சார். அது எங்கேயும் போகாது."