துண்டுக்குள் போன வெள்ளைக் குதிரை

வெகு காலத்துக்கு முன்னால் கடலோரத்து நாடு ஒன்றைச் செங்கதிர்மாறன் என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான், ஆனால் சத்தம் மட்டும் ஆகாது. பக்கத்தில் யாராவது தும்மினால்கூட முகம் சுளிப்பார். அவர் மனம் குளிரட்டும் என்று, காய்கறிச் சந்தையில் விலை கூவுவதையே நிறுத்திவிட்டார் சந்தை அதிகாரி சோணாசலத்தார். தரகரும் வியாபாரியும் ஒரு துண்டுக்கடியில் கைகளை நுழைத்து, விரலைப் பிடித்தே விலை பேசுவார்கள். காய் கொண்டுவந்தவர் பக்கத்தில் நிற்கலாம், வாய் திறக்கக் கூடாது. கண்ணை மூடித் திறப்பதற்குள் கூடை கைமாறிவிடும். இவ்வளவு சுறுசுறுப்பான சந்தை வேறெங்கே உண்டு என்று ராஜா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் பவளாயி என்ற பெண் சபைக்கு வந்தாள். கடலோர மணலில் ஊற்றுத் தோண்டி, குடம் குடமாகச் சுமந்து ஊற்றி வெள்ளரி வளர்ப்பவள். கடலுக்குப் போன புருஷன் திரும்பவில்லை. கட்டுப்படியாகாமல் அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராகக் காலி செய்துவிட, அந்த மணலில் அவள் ஒருத்திதான் பாக்கி. துண்டுக்குள் என்ன நடக்கிறதென்றே தெரியவில்லை, கொடுத்ததை வாங்கிக்கொண்டு போகவேண்டியிருக்கிறது என்று முறையிட்டாள்.

சந்தைமேல் பழி சொல்பவளை நிலத்தைவிட்டே விரட்ட வேண்டும் என்றார் சோணாசலத்தார். மந்திரி வைரவநாதர் அவளுக்குப் பரிந்து பேசவும் சோணாசலத்தாருக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. ராஜா எதற்கெடுத்தாலும் மந்திரியைக் கேட்பது அவருக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல். ராஜாவோ சட்டென்று, உச்சிப்பொழுதுக்குள் மந்திரி இவள் வழக்கை நிரூபிக்க வேண்டும், இல்லையேல் இவள் நிலம் போகும் என்று சொல்லிவிட்டார்.

மந்திரி பதறவில்லை. "சந்தையை இங்கேயே நடத்திப் பார்ப்போம், மகாராஜா. தங்கள் வெள்ளைக் குதிரைதான் சரக்கு. நான் தரகன், சோணாசலத்தார் வியாபாரி. விரலுக்கு நூறு பொன்."

விளையாட்டென்றால் ராஜாவுக்கு உயிர். சம்மதித்தார்.

குதிரை வந்தது. மந்திரி துண்டை விரித்தார், இருவர் கைகளும் உள்ளே போயின. சபை மொத்தமும் துண்டையே பார்த்தது. ராஜாவைப் பார்க்க ஒருவரும் இல்லை. பிறந்ததிலிருந்து அவருக்கு இப்படி நேர்ந்ததே கிடையாது.

"எவ்வளவுக்குப் போகிறது?" என்று கேட்டார்.

"கொண்டுவந்தவர் கேட்கிற வழக்கம் இல்லை" என்றார் மந்திரி, திரும்பிப் பார்க்காமல்.

ராஜா எழுந்தார், உட்கார்ந்தார். குட்டியிலிருந்து வளர்த்த குதிரை. அத்தனை பேர் நடுவிலும் தன்னந்தனியாய் விட்டாற்போல் இருந்தது அவருக்கு.

மந்திரி துண்டை எடுத்தார். "நான் ஐந்து விரலையும் கொடுத்தேன். இவர் நாலை மடக்கிவிட்டு ஒன்றைப் பிடித்தார். தரகர்கள் தலையாட்டுவதுபோல் நானும் ஆட்டிவிட்டேன். தங்கள் குதிரை நூறு பொன்னுக்குப் போய்விட்டது."

கை பழக்கதோஷத்தில் அப்படிச் செய்துவிட்டது என்று சோணாசலத்தார் குழறினார். அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்ததென்று சபைக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

ராஜா பவளாயியிடம் திரும்பினார். "நீ எத்தனை காலமாக இப்படி நிற்கிறாய்?"

"பன்னெண்டு வருசமா, சாமி."

ராஜா பேரத்தை ரத்து செய்தார். இனி துண்டு முகம் துடைக்க மட்டும்தான், சந்தையில் விலையை உரக்கக் கூவவேண்டும், அதையும் சோணாசலத்தாரே செய்யவேண்டும் என்று ஆணையிட்டார். தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். பவளாயிக்கு ஒரு பொற்கிழி நீட்டினார். அவள் வாங்கவில்லை. வேறென்ன வேண்டும் என்று கேட்டார்.

"வெலையக் கூவும்போது என் பேரையும் சேத்துக் கூவச் சொல்லுங்க, சாமி. என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட அந்த மணல்ல ஆளில்ல."

அடுத்த சந்தையில் கூடைகளுக்கு நடுவே நின்று, அரண்மனைவரை கேட்கும்படி, "பவளாயி வெள்ளரி" என்று கூவினார் சோணாசலத்தார். அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. கூப்பிடுவது தன்னைத்தான் என்று அவளுக்குத் தெரிய, அவர் இன்னொரு தரம் கூவவேண்டியிருந்தது.