மலையில் இலை உடுத்தியவர்

முன்னொரு காலத்தில் ஓர் அரசர் இருந்தார். தம் நாட்டில் எத்தனை வகை மக்கள் என்பதில் அவருக்குத் தாங்க முடியாத பெருமை. அவர்களைக் கொண்டாட ஒரு விழாவே எடுத்தார். அதில் மலைக்காரர் வேஷம் போட்ட அரண்மனை நடிகர்கள் இலை உடுத்தி, உறுமி, பச்சைக் கறியைக் கடித்துக் காட்டினார்கள். அரசர் மனமாரக் கைதட்டினார்.

அதன்பின் மிளகு விற்க இறங்கி வந்த மலைக்காரர்களைக் கண்டு ஊரார் கதவைச் சாத்தினார்கள். ரங்கி என்ற பெண்ணின் அண்ணனைப் பிள்ளை பிடிக்கிறவன் என்று சொல்லி, சந்தையில் அடித்துக் கையை முறித்தார்கள்.

விகடகவி மருதப்பன் இதை அரசரிடம் சொன்னான்.

"கொண்டாடியது குற்றமா?" என்று அரசர் முகம் சுளித்தார்.

மருதப்பன்மேல் வெகுநாளாகப் பொறாமை கொண்டிருந்த பிரதானி சிங்கமராயர் உடனே எழுந்தார். "பிரபு, அடுத்த விழாவுக்கு அசல் மலைக்காரர்களை இவனே அழைத்து வரட்டும். மலையில் இலை உடுத்துவதை உள்ளது உள்ளபடி அவர்கள் ஆடிக் காட்டட்டும். தவறினால் இவனை நாடு கடத்துங்கள்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் அரசர்.

மருதப்பன் மலையேறினான். ரங்கிக்குக் கோபம் பொங்கியது. "இலையா? நாங்க எங்கய்யா இலை கட்டினோம்?"

"யாருமே கட்டினதில்லையா தாயி? நல்லா யோசிச்சுச் சொல்லு. என் பெண்டாட்டி பிள்ளையெல்லாம் தெருவில நிக்கும்."

ரங்கி யோசித்தாள். "ஒரே ஒருத்தர் கட்டினார்."

யார் என்று அவள் சொன்னதும் மருதப்பன் சுற்றுமுற்றும் பார்த்தான். "அதை ஆடினா தலையே போகலாம், தாயி."

"அண்ணன் கை போயிடுச்சு. நான் வரேன்."

விழா நாளில் ரங்கி பட்டுடுத்தி, கிரீடம் வைத்து, வேட்டைக்கு வந்தவர்போல நடந்தாள். திடீரென்று, "ஐயோ, அட்டை! அட்டை!" என்று அலறிப் பட்டாடையைப் பிய்த்தெறிந்தாள். உள்ளே கட்டியிருந்த கண்டாங்கிச் சேலைமேல் தேக்கிலையைச் சுற்றிக்கொண்டு, "அம்மா!" என்று அழுதாள்.

அரசரின் கை வாளுக்குப் போயிற்று. "யார் இது?"

மருதப்பன் குனிந்து வணங்கினான். "வேட்டைக்கு வந்த தாங்கள், மகாராஜா. மலையில் இலை உடுத்தியவர் தாங்கள் ஒருவரே. ஆணைப்படி உள்ளது உள்ளபடி..."

"ராஜ நிந்தனை!" என்று கத்தினார் சிங்கமராயர்.

"ஒரே ஒரு நாள்!" அரசர் குரல் உடைந்தது. "அதை வைத்து என் குலமே இலை கட்டி அழும் குலம் என்று ஊர் நினைக்காதா?"

ரங்கி பேசினாள். "எங்களுக்கு அந்த ஒரு நாள்கூட இல்லீங்க, சாமி."

அரசர் அவள் சுற்றியிருந்த தேக்கிலையைப் பார்த்தார். அவர் உதடு துடித்தது. அழுகிறாரா என்று எல்லோரும் பயந்தபோது சிரித்துவிட்டார். கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

வேஷங்கள் அத்தோடு நின்றன. ரங்கியின் அண்ணனுக்கு வைத்தியம் பார்க்க அரண்மனை வைத்தியரோடு மலையேறும்படி சிங்கமராயருக்கு ஆணை போயிற்று. அரசர் தம் பொன்னாடையை எடுத்து மருதப்பனுக்குப் போர்த்தினார்.