மூக்காயி ஒதுங்கி உட்கார்ந்த நாள்

மழை பொய்த்துப்போன ஒரு காட்டில், ஆறு வெறும் மணலாகக் கிடந்தது. குட்டைகளில் சேறுகூட மிச்சமில்லை. அந்தக் காட்டின் தலைவர் கொம்பையா என்ற யானை. அவர் ஆற்று மணலைக் காலால் கீறி, துதிக்கையால் அள்ளி எறிந்து, ஆழமாக ஓர் ஊற்றுக்குழி தோண்டினார். அடியில் தண்ணீர் சுரந்தது. காடு பிழைத்தது.

ஆனால் மணல் ஊற்று குளம் அல்ல, குழந்தைகளே. அதன் கரையும் மணல்தான். ஒரு கூட்டம் இறங்கிக் குடித்துவிட்டு ஏறினால், மறுபடி சுரந்து தெளியும் வரை அடுத்த கூட்டம் காத்திருக்க வேண்டும். பொறுக்காமல் எல்லாரும் ஒன்றாக இறங்கினால் கரை சரியும். கரை சரிந்தால் ஊற்று தூர்ந்துபோகும்.

ஆகவே, முறை வைக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. கொம்பையா எல்லா விலங்குகளையும் கூட்டி, "கோடை முடியும் வரை ஊற்றங்கரையில் மூக்காயி சொல்வதுதான் முறை" என்று அறிவித்தார்.

மூக்காயி ஒரு காட்டுப்பன்றி. இனிக்க இனிக்கப் பேசத் தெரியாதவள். யாருக்கும் முதுகு வளைக்காதவள். முன்பொரு கோடையில் செந்நாய்கள் நீர்த்துறையை வளைத்துக்கொண்டபோது, சிதறி ஓடிய விலங்குகளை ஒன்று சேர்த்துத் துறையை மீட்டவள் அவள்தான். அன்று கிழிந்த காது இன்றும் தொங்கிக்கொண்டிருந்தது. காடு அந்தச் சண்டையை மறந்துவிட்டது. காது மறக்கவில்லை.

"பால் கொடுக்கும் தாய்மார் முதலில்" என்றாள் மூக்காயி. "அடுத்து வயதானவர்கள். பிறகு வந்த வரிசைப்படி மற்றவர்கள். பெரிய உடம்புக்காரர்கள் கடைசியில்."

"அப்படியானால் ஐயாவுமா?" என்று காட்டெருமை கேட்டது.

"ஐயா எல்லாருக்கும் கடைசி. அவர் ஒருமுறை குடித்தால் ஊற்று மறுபடி நிறைய அரை நாள் ஆகும்."

கொம்பையா எல்லார் முன்னாலும் தலையசைத்தார். "நியாயம்தான், நியாயம்தான்" என்றார்.

சில நாட்கள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. புதிதாய்க் குட்டி ஈன்ற ஒரு புள்ளிமான் தினமும் முதலில் இறங்கிக் குடித்தது. தாய் குடித்தால்தான் குட்டிக்குப் பால்.

நரிக்கு வரிசை பிடிக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தது. பிறகு, கொம்பையா நிழலுக்கு ஒதுங்கியிருந்த மருத மரத்தடிக்கு நேரே போனது.

"ஐயா, நீங்கள் காதை வீசிக்கொண்டு நிற்கிற அழகைப் பார்த்தாலே பாதித் தாகம் போய்விடுகிறது. மீதிப் பாதிக்குத்தான் வழி தெரியவில்லை. மணலைத் தோண்டியது நீங்கள். தண்ணீருக்கு அந்தப் பன்றியிடம் போய்க் கை கட்டி நிற்கச் சொல்கிறார்கள்."

கொம்பையா கெட்டவர் இல்லை. எல்லாரும் தன்னை நல்லவர் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அவருடைய நோய். இல்லை என்று சொல்லும் வேலையை அடுத்தவர் தலையில் கட்டிவிட்டு, ஆகட்டும் என்று சொல்லும் சுகத்தை மட்டும் தனக்கென்று வைத்துக்கொள்கிறவர்கள் காட்டுக்கு வெளியிலும் உண்டு.

அவர் கரைக்கு வந்தார். "மூக்காயி, நரியை விடு. பாவம், தாகமாக இருக்கிறான்."

"மான் நிற்கிறது, ஐயா. அதற்குப் பின்னால் கிழட்டு முள்ளம்பன்றி நிற்கிறது."

"நான் சொல்கிறேன் அல்லவா? இத்தனை கறார் கூடாது. எல்லாரும் நம் காட்டுப் பிள்ளைகள்தானே."

நரி இறங்கியது. ஆற அமரக் குடித்தது. ஊற்றைக் கலக்கிவிட்டு ஏறி வந்து, "உங்கள் முறை பிரமாதம் அக்கா" என்றது.

மறுநாள் குரங்குகள் மருத மரத்தடிக்குப் போயின. அதற்கு மறுநாள் காட்டெருமை போனது. ஒரு முயல்கூட, "நீ யார் கேட்பதற்கு? நான் ஐயாவிடம் பேசிக்கொள்கிறேன்" என்று மூக்காயியின் வயிற்றுக்கு அடியில் புகுந்து ஓடியது.

கிளையில் உட்கார்ந்திருந்த மந்தி சிரித்தது. "காவல் பலமாகத்தான் இருக்கிறது அக்கா. வழிதான் வேறு பக்கம் திறந்திருக்கிறது."

மூக்காயி கரையைப் பார்த்தாள். முறையில்லாமல் ஏறி இறங்கிய கால்களால் ஒரு பக்கம் மணல் உதிர ஆரம்பித்திருந்தது.

அன்று பொழுது சாயும் வேளையில் அவள் கொம்பையாவைத் தனியே பார்த்தாள்.

"ஐயா, என் முறையில் தவறு இருந்தால் என்னைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். எல்லார் முன்னாலும் என் சொல்லை வெட்டாதீர்கள். இப்படியே போனால் கரை நிற்காது."

"உனக்கு ரோஷம் அதிகம், மூக்காயி. உன் அதிகாரத்தில் நான் கை வைத்தேனா? ஏதோ ஒன்றிரண்டு பேருக்குச் சலுகை. அதைப் போய்ப் பெரிதாக்குகிறாயே."

மூக்காயி திரும்பி நடந்தாள். நரியைக் கடித்துக் குதறலாம். அப்புறம் ஐயா நரியைத் தடவிக்கொடுப்பார். பன்றிக்கு வெறி பிடித்துவிட்டது என்று காடே பேசும். வேலையை உதறிவிட்டுப் போகலாம். அப்புறம் அந்த இடத்தில் நரி வந்து உட்காரும். செந்நாய்களிடமே பின்வாங்காதவள் இந்த இரண்டையும் ஒதுக்கித் தள்ளினாள். மூன்றாவது ஒன்று இருந்தது.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகத் தாய்களையும் வயதானவர்களையும் வரச் சொல்லி, வயிறு முட்டக் குடிக்க வைத்தாள். புள்ளிமானிடம், "குட்டியைக் கூட்டிக்கொண்டு மூங்கில் புதருக்குப் போய்விடு. நான் கூப்பிடும் வரை இந்தப் பக்கம் தலை காட்டாதே" என்றாள்.

"ஏன் அக்கா?"

"இன்று ஐயா முறை வைக்கப்போகிறார்."

வெயில் ஏறியது. விலங்குகள் கூடின. கொம்பையாவும் வந்தார். மூக்காயி நடுவில் போய் நின்றாள்.

"ஊற்றைத் தோண்டியவர் ஐயா. என் சொல்லுக்கு மேலே அவர் சொல். அதை நீங்கள் எல்லாரும் தெரிந்துகொண்டீர்கள். ஆகவே யார் முதலில், யார் பிறகு என்று இனி ஐயாவையே கேளுங்கள். அவர் சொல்வதில் ஒரு வார்த்தையை நான் மறுக்கமாட்டேன்."

கொம்பையாவுக்கு உச்சி குளிர்ந்தது. "பார்த்தீர்களா, மூக்காயிக்கும் பணிவு வந்துவிட்டது" என்றார்.

மருத மரத்து நிழல் காலியாக இருந்தது. மூக்காயி அதில் போய் உட்கார்ந்தாள்.

"ஐயா, முதலில் நான்தானே?" என்றது நரி.

"நீதான், நீதான்."

"நேற்றே எனக்கு வாக்குக் கொடுத்தீர்களே" என்றது காட்டெருமை.

"கொடுத்தேன், போ."

குரங்குகள், "நாங்கள் கூட்டமாக வந்திருக்கிறோமே" என்றன. "அதற்கென்ன, வாருங்கள்" என்றார். காட்டுப்பன்றிகளும் முன்னால் வந்தன. "மூக்காயி எங்கள் ஆள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதாம். அதற்காகவே இத்தனை நாள் எங்களைக் கடைசியில் நிறுத்தினாள்." கொம்பையா உருகிப்போனார். "அடடா, போங்கள் போங்கள்" என்றார்.

அவர் யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை. அதனால் எல்லாருமே முதல் ஆள் ஆனார்கள்.

"தள்ளு, ஐயா எனக்குத்தான் சொன்னார்."

"எனக்கும்தான் சொன்னார். கொம்பை எடு முகத்திலிருந்து."

"மெல்ல, மெல்ல" என்றார் கொம்பையா. "மூக்காயி, கொஞ்சம் பாரேன்."

"நீங்கள் அனுப்பியவர்கள், ஐயா. நான் மறுக்கலாமா?"

அவள் சொல்லி வாய் மூடுவதற்குள் கரை சரிந்தது. ஒரு பக்கம் சரிய, மறுபக்கமும் அதோடு வந்தது. எல்லாரும் விழுந்தடித்துக்கொண்டு மேலே ஏறினார்கள். நரி கழுத்து வரை மணலில் புதைந்து, தும்மிக்கொண்டே வெளியே வந்தது. ஊற்று இருந்த இடத்தில் ஈர மணல் மேடு ஒன்றுதான் இருந்தது.

கொம்பையா அன்று ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை.

மந்தி மேலேயிருந்து சொன்னது: "யாருக்கும் இல்லை என்று சொல்லாத ஐயா, இப்போது எல்லாருக்கும் இல்லை என்று ஆக்கிவிட்டார்."

இந்த முறை மந்தியும் சிரிக்கவில்லை. எல்லாரும் அவரையே பார்த்தார்கள். அந்தப் பார்வை அவருக்குப் புதியது.

அவர் உச்சி வெயிலில் வேறோர் இடத்தில் மறுபடி தோண்டினார். நாக்கு வறண்டது. கால் நகம் தேய்ந்தது. கடைசியில் அடியில் ஈரம் மினுங்கியது, தண்ணீர் கசிந்தது. அதைக் கண்டதும் கூட்டம் பாய்ந்தது.

"நில்லுங்கள்" என்று பிளிறினார் கொம்பையா.

ஒருவரும் நிற்கவில்லை. அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வரும் என்று அந்தக் காடு கேள்விப்பட்டதே இல்லை. புதுக் கரையிலிருந்து மணல் உதிர்ந்து தண்ணீரில் விழுந்தது.

"மூக்காயி, இவர்களை நிறுத்து."

மூக்காயி எழுந்து வந்தாள். ஓடி வரவில்லை.

"எந்தச் சொல்லால் நிறுத்த, ஐயா? என் சொல்லை நீங்கள் வெட்டிப் போட்டீர்கள். எல்லார் முன்னாலும் வெட்டினீர்கள். எல்லார் முன்னாலும் திருப்பிக் கொடுங்கள்."

கொம்பையா ஊற்றைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். பிறகு காடு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "ஊற்றங்கரையில் மூக்காயி சொல்வதுதான் முறை. அதற்காக என்னிடம் யாரும் வரக் கூடாது."

"என் முறையில் குறை தெரிந்தால்?"

"உன்னைத் தனியே கூப்பிட்டுச் சொல்வேன்."

"உங்கள் இடம்?"

"கடைசி."

மூக்காயி திரும்பி நின்று ஒரே ஒரு முறை உறுமினாள். கூட்டம் நின்றது. சரிந்த கரையைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு இரண்டாவது உறுமல் தேவைப்படவில்லை. வரிசை தானாக நீண்டது. அவள் மூங்கில் புதரைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். தண்ணீர் தெளிந்ததும் புள்ளிமான் முதலில் இறங்கியது. குட்டி கரையில் நின்று எட்டிப் பார்த்தது.

சில நாள் கழித்து நரி மறுபடி மருத மரத்தடிக்குப் போனது.

"ஐயா, நீங்கள் காதை வீசிக்கொண்டு நிற்கிற அழகு இருக்கிறதே..."

ஆகட்டும் என்ற சொல் கொம்பையாவின் நாக்கு நுனி வரை வந்தது. வந்த வழியே திரும்பிப் போனது.

"மூக்காயியைக் கேள்" என்றார்.

நரி கரைப் பக்கம் பார்த்தது. மூக்காயி தலையைக்கூடத் திருப்பவில்லை.

"கடைசிக்கு முன்னால் போய் நில்" என்றாள். "கடைசி இடம் ஐயாவுடையது."

நீதி: பொறுப்பைக் கொடுத்தவரே உன் சொல்லைப் பலர் முன் வெட்டினால், தனியே போய்க் கெஞ்சி நிற்காதே; பலர் முன்னாலேயே அதைத் திருப்பி வாங்கு.