இரண்டாவது கம்பி, இரண்டாவது கட்டம்

“மிஸ், இந்த ஒரு சுரத்தை மட்டும் விட்டுட்டு வாசிக்கலாமா?” என்று கேட்டார் க்ளிஃபர்ட்.

அவருக்கு வயது அறுபத்தேழு. கூட்ஸ் வண்டியில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர்.

மிஸ் ரெனிட்டாவுக்கு இருபத்தொன்பது. பெரம்பூரில் ஒரு பேக்கரியின் மாடியில் உகுலேலே சொல்லிக்கொடுக்கிறாள். நாலே கம்பி, மடியில் அடங்கிவிடும் கருவி. அதில் ஜாஸ்தான் வேண்டும் என்று அடம்பிடித்துச் சேர்ந்தவர் இவர் ஒருவர்தான்.

ஜாஸில் வரும் ப்ளூஸ் ஸ்கேல் என்ற சுரவரிசையில் ஆறு சுரம். ஐந்தை அழகாக வாசித்தார். நாலாவது சுரம், இரண்டாவது கம்பியின் இரண்டாவது கட்டம், அது வந்தால் மட்டும் விரல் தாண்டிக் குதித்துவிடும். மூன்று வாரமாக இதே கதை.

“அது ராங் நோட், மிஸ்.”

“ஸ்கேல்லயே இருக்கே, அங்கிள்.”

“இருக்கட்டும். எனக்கு வேண்டாம்.”

ஏன் வேண்டாம் என்பதை அன்றுதான் சொன்னார்.

முப்பத்தோரு வருடத்துக்கு முன்பு, ரயில்வே காலனி ஹாலில் கிறிஸ்துமஸ் வார டான்ஸ். ஆடுகிறவர்கள் வழுக்கிக்கொண்டு போக, தரையெல்லாம் சாக்பவுடர் தூவியிருந்தார்கள். தம்பி ட்ரெவர் ட்ரம்பெட், இவர் உகுலேலே. தனியாக வாசிக்க இவர் முறை வந்தபோது விரல் தவறி அந்தக் கட்டத்தில் விழுந்தது.

ட்ரெவர் சிரித்துவிட்டான். காலனியே பார்த்துக்கொண்டிருந்தது.

கருவியை நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே நடந்தவர்தான். அதன்பிறகு தம்பியோடு பேச்சே இல்லை. அவன் ஆஸ்திரேலியாவில் பெர்த் நகருக்குக் குடியேறியபோது வழியனுப்பவும் போகவில்லை. எத்தனை நல்ல நாட்களை அந்த ஒரு சுரத்தோடு சேர்த்து மூட்டை கட்டி வைத்திருந்தார் என்று அவருக்கே தெரியாது.

இப்போது ட்ரெவர் ஊருக்கு வந்திருக்கிறான்; இந்தச் சனிக்கிழமை தங்கை வீட்டுக்குச் சாப்பிட வருகிறான். ட்ரம்பெட்டும் கொண்டுவருகிறானாம்.

“இந்த வாட்டி அவன் சிரிக்கக் கூடாது, மிஸ். அதுக்குத்தான் வந்தேன்.”

ரெனிட்டா கொஞ்சம் யோசித்தாள்.

“அன்னிக்கு எங்க நிறுத்தினீங்களோ, அதுவரைக்கும் வாசிங்க.”

மனமில்லாமல் வாசித்தார். நாலாவது சுரம் அந்தரத்தில் நின்றது. அவர் கருவியைக் கீழே வைக்கப் போனார்.

வைக்க விடாமல் அவள் கருவியின் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். கீழே பேக்கரியில் ரொட்டித் தட்டுகளை அடுக்கும் சத்தம் கேட்டது.

“இந்தச் சுரத்துலயே எவ்வளவு நேரம் இருக்கறது, மிஸ்?”

“முப்பத்தோரு வருஷம் இருந்தீங்களே, அங்கிள்.”

க்ளிஃபர்டுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மறுபடி கம்பியை மீட்டினார். அதே வேகத்தில் விரல் ஒரு கட்டம் நகர்ந்து, அடுத்த சுரம் ஒலித்தது. அதற்கு முந்தைய அந்த நாலாவது சுரம் இப்போது தப்பாகக் கேட்கவில்லை.

அவர் முகம் மாறியது. அந்த அடுத்த சுரத்தையே திரும்பத் திரும்ப மீட்டினார்.

“இது அவன் வாசிச்சது, மிஸ்.”

“யாரு?”

“ட்ரெவர். நான் வெளிய போறப்போ பின்னாலயிருந்து ட்ரம்பெட்ல இதையே பிடிச்சிட்டிருந்தான். கிண்டல் பண்றான்னு நினைச்சேன்.”

“எவ்வளவு நேரம் பிடிச்சிட்டிருந்தாரு?”

“படி இறங்கி, சைக்கிள் பூட்டைத் திறக்கற வரைக்கும் கேட்டுது. மூச்சு வாங்கிட்டு, வாங்கிட்டு, திரும்பவும் அதையே. என் சுரத்தைச் சரி பண்ணிட்டிருந்திருக்கான், மிஸ்.”

அவருக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை, அழுதார்.

ரெனிட்டா தண்ணீர் கொடுத்தாள். குடித்து முடித்ததும், சனிக்கிழமைக்கு ஆறு சுரத்தையும் ஒருமுறை முழுசாக வாசித்துப் பார்க்கலாமா என்று கேட்டாள்.

க்ளிஃபர்ட் கருவியை உறையில் வைத்து மூடினார்.

“வேண்டாம், மிஸ். சனிக்கிழமை நான் நாலாவதுல நிறுத்திக்கிறேன். அடுத்தது அவன் வாசிப்பான்.”